வந்த தண்ணீர் வடிய வேண்டும்: அலையாத்தி மரங்கள் பிழைப்பதும் நட்டவை சாவதும்

அலையாத்தி என்பது கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரங்களின் பொதுப்பெயர். அவற்றில் ஒன்றான சுரபுன்னையின் நாற்றுக் குச்சியை எந்தச் சேற்றில் குத்தி வைத்தாலும் முதல் சில மாதங்களுக்குப் பச்சையாகத்தான் நிற்கும். உச்சியில் இரண்டு இலை விடும். கொஞ்சம் பொறுத்தால் நாலாகும். அதைப் பார்த்து, நடவு பிடித்துக்கொண்டது என்று கணக்கு எழுதிவிடுகிறார்கள். மரத்தில் முருங்கைக்காய் போலத் தொங்கி வளர்ந்த அந்த நாற்று, தாய்மரம் கொடுத்தனுப்பிய மாவுச்சத்தைத் தன் தண்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்தக் கட்டுச்சோறு தீரும்வரை மண் எப்படி இருந்தாலும் அது தாங்கும். தீர்ந்த பிறகு வேர்தான் உழைத்தாக வேண்டும். இடம் தவறு என்றால் அப்போதுதான் இலை கொட்டும், குச்சி கறுக்கும். புகைப்படம் எடுத்தவர்கள் அதற்குள் கிளம்பிப் போயிருப்பார்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையோரங்களில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை அலையாத்தி மீட்பு முயற்சிகள் நடந்தன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு அவற்றில் 23 இடங்களை நேரில் போய்ப் பார்த்தது. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. மொத்தத்தில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர். பிலிப்பைன்ஸில் இன்னும் பெரிய அளவில், பல பத்தாண்டுகளாக நட்டார்கள். பிழைத்தவை 10 முதல் 20 சதவீதம்தான் என்று 2008இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விதையோ உழைப்போ குறைந்ததால் வந்த தோல்வி என்று இதைச் சொல்லிவிட முடியாது. அந்த மரம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைப் பார்க்காமல் நட்டதே பெரும்பாலான இடங்களில் காரணம். அதைப் புரிந்துகொள்ள மரத்தின் உடம்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிச்சாவரத்தில் மொத்தக் காட்டையும் சுரபுன்னைக் காடு என்று சொல்வதுண்டு. இந்தக் கட்டுரையில் சுரபுன்னை என்றால் முட்டு வேர் ஊன்றி நிற்கும் ரைசோபோரா மட்டும். தரையிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சு வேர் நீட்டும் அவிசீனியாவை வெண்கண்டல் என்கிறோம். படகில் போகிறவர்கள் கண்ணில் படுவது வாய்க்கால் ஓரத்துச் சுரபுன்னை. அதற்குப் பின்னால் காட்டின் பெரும்பரப்பை நிறைத்திருப்பது வெண்கண்டல். முத்துப்பேட்டையில் கிட்டத்தட்ட எல்லாமே வெண்கண்டல்தான்.

அலையாத்திக்கு உப்பு பிடிக்கும் என்பது பரவலான நினைப்பு. உண்மையில் இந்த மரங்களில் பலவும் உப்பு குறைந்த நீரில்தான் நன்றாக வளர்கின்றன. கடல்நீரில் நாலில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உப்பு இருந்தால் செழிப்பு அதிகம். நன்னீர்க் கரையில் இவை காடாகாததற்குக் காரணம் போட்டி. உப்பில்லாத இடத்தில் கோரையும் நாணலும் மற்ற மரங்களும் வேகமாக வளர்ந்து இவற்றை மூடிவிடும். மற்றவை வர முடியாத இடத்தில், கூடுதல் செலவு செய்து பிழைக்கத் தெரிந்தவை இவை.

அந்தச் செலவு எவ்வளவு என்று பார்ப்போம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த நீரைத் தன் பக்கம் இழுக்க, ஒரு வேர் ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உறிஞ்ச வேண்டும். நெல்லோ தென்னையோ அப்படி உறிஞ்சுவதில்லை. 1960களில் ஷோலாண்டர் என்ற உடலியலாளர் அலையாத்திக் கிளைகளை அழுத்தக் கலனில் வைத்து அளந்தபோது, அவற்றின் நீர்க்குழாய்களில் 30 முதல் 60 வளிமண்டலம் வரை எதிர்மறை அழுத்தம், அதாவது இழுப்பு, இருப்பது தெரிந்தது. வெயிலில் இலை நீராவியை விடும்போது உண்டாகும் அந்த இழுப்புதான் வேரில் உப்பை வடிகட்டுகிறது. வேரைக் குளிரவைத்தும், உயிரணுக்களின் இயக்கத்தை முடக்கும் நஞ்சைக் கொடுத்தும் அவர் பார்த்தார், வடிகட்டல் நிற்கவில்லை. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் மோட்டார் தள்ளுகிற வேலையை இங்கே வெயில் இழுத்துச் செய்கிறது. சவ்வாக இருப்பவை வேரின் அகத்தோலும் அதன் மெழுகுப்பட்டையும்.

இந்த வடிகட்டியில் சுரபுன்னை மிகவும் கண்டிப்பு: சுமார் 99 சதவீத உப்பை வெளியிலேயே நிறுத்திவிடும். வெண்கண்டல் அவ்வளவு நிறுத்துவதில்லை. அதன் நீர்க்குழாயில் ஓடும் நீர் சுரபுன்னையினுடையதைவிடப் பலமடங்கு உப்பானது. உள்ளே வந்த உப்பை அது இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் நடுப்பகலில் ஒரு வெண்கண்டல் இலையைப் பறித்துச் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பில் பொடிச் சர்க்கரை தூவியதுபோல் படிகங்கள் மின்னும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அடிப்புறத்தைத் திருப்பினால் சாம்பல் வெள்ளையில் மென்மயிர்ப் படலம் இருக்கும். இலைத்துளைகள் அதன் மறைவில் இருப்பதால் நீர் வீணாவது குறையும். நரிக்கண்டலுக்கும் கழுதைமுள்ளிக்கும் இதே போன்ற உப்புச் சுரப்பிகள் உண்டு.

இங்கே ஒரு கதையைத் திருத்த வேண்டியிருக்கிறது. மரம் தன் உப்பையெல்லாம் ஒரு மஞ்சள் இலையில் சேர்த்து, அந்த இலையைத் தியாகம் செய்து உதிர்க்கிறது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். அழகான கதை. ஆனால் உதிரப்போகும் இலையில் உப்பின் செறிவு முதிர்ந்த பச்சை இலையைவிடப் பெரிதாகக் கூடியிருப்பதில்லை. இலை உதிரும்போது அதிலுள்ள உப்பும் போகிறது, அவ்வளவுதான். அதற்கென்று தனி ஏற்பாடு இருப்பதாகச் சொல்ல ஆதாரம் போதாது.

உப்பு, இவற்றின் பாதிப் பிரச்சினைதான். நடவுகள் சாவது பெரும்பாலும் மற்ற பாதியில்: மூச்சில்.

கழிமுகச் சேற்றைக் கைப்பிடி அளவு தோண்டி எடுத்தால், மேலே ஒரு மெல்லிய பழுப்புத் தோல், அதற்குக் கீழே மையைப்போல் கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம் வரும். நீர் நிறைந்த களிமண்ணுக்குள் ஆக்சிஜன் புக முடியாது. காற்றில் பரவுவதைவிட நீரில் அது பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இருந்த கொஞ்சத்தையும் மேல் அடுக்கிலேயே நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கீழே இருப்பவை கடல்நீரின் சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடைக் கழிவாக விடுகின்றன. கறுப்பும் நாற்றமும் அதனால் வருபவை. அது வேருக்கு நஞ்சு.

இதற்குள் வேரை உயிரோடு வைத்திருக்க வெண்கண்டல் செய்வது இது. அடிமரத்திலிருந்து கயிறு போன்ற கிடைவேர்களை மேலாக நாலாபுறமும் ஓடவிடுகிறது. அவற்றிலிருந்து சாண் நீளத்துக்கு மூச்சு வேர்கள் நேராக மேலே எழுகின்றன. 3 மீட்டர் உயர மரம் ஒன்றுக்குப் பத்தாயிரம் மூச்சு வேர்கள் வரை இருக்கும். ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் உள்ளே பஞ்சு போன்ற காற்றறைத் திசு. வெளியே பட்டையில் சொரசொரப்பாகத் தட்டுப்படும் புள்ளிகள்தான் பட்டைத்துளைகள். கடல் ஏற்றத்தில் நீர் மூடும்போது இந்தத் துளைகளுக்குள் நீர் புகாது, காற்றும் புகாது. உள்ளிருக்கும் ஆக்சிஜனை வேர் செலவழிக்கிறது, வெளிவரும் கரியமில வாயு நீரில் கரைந்துவிடுகிறது. அதனால் உள்ளழுத்தம் குறைகிறது. வற்றத்தில் துளை வெளியே தெரிந்ததும் காற்று சட்டென்று உள்ளே இழுக்கப்படுகிறது. கடலே இந்த மரத்துக்குத் துருத்தி போடுகிறது என்று சொல்லலாம். வேர்நுனி வரை போகும் அந்த ஆக்சிஜனில் கொஞ்சம் வெளியே கசிந்து சல்பைடை முறிக்கும்; கறுப்புச் சேற்றில் உயிருள்ள வேரைச் சுற்றி மட்டும் துரு நிறத்தில் ஓர் உறை தெரிவது அதனால்தான்.

சுரபுன்னை இதே வேலையைத் தன் முட்டு வேர்களின் மேற்பகுதியில் வைத்திருக்கிறது. ஷோலாண்டரும் உடனிருந்தவர்களும் 1955இல் வெளியிட்ட சோதனையில் அந்த வேர்களின் பட்டைத்துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்தார்கள். வழக்கமாக 15 முதல் 18 சதவீதம் இருந்த வேரின் ஆக்சிஜன், இரண்டே நாளில் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. கச்சா எண்ணெய் கசிந்த கரையில் அலையாத்தி ஏன் மொத்தமாகச் சாகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டாம். தூர்வாரிய மண்ணை மூச்சு வேர்மேல் கொட்டினாலும், சாலைக்கோ இறால் பண்ணைக்கோ கரை போட்டு நீரைத் தேக்கினாலும் நடப்பது அதே அடைப்புதான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மரத்தின் தேவை தெளிவாகிவிடும். நீர் வர வேண்டும். வராவிட்டால் மண் காய்ந்து உப்பு ஏறும். வந்த நீர் வடிய வேண்டும். வடியாவிட்டால் மூச்சு முட்டும். ஆகவே அலையாத்திக்கு உரிய இடம், கடலின் சராசரி மட்டத்துக்கும் அமாவாசை, பௌர்ணமி ஏற்றம் தொடும் உச்சிக்கும் இடைப்பட்ட பட்டை. ஃப்ளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர், மொத்த நேரத்தில் சுமார் 30 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ நீர் மூடியிருக்கும்படி நிலமட்டத்தை வெட்டித் திருத்தினார். பெரும்பகுதி விதையைக் கடலே கொண்டுவந்து சேர்த்தது. மூன்றில் இரண்டு பங்கு நேரம் தரை வெளியே தெரிய வேண்டும் என்பது, வற்றத்தில் தென்படும் வெறும் சேற்றுத்திட்டைப் பார்த்ததும் 'இங்கே நடலாம்' என்று கைநீட்டுகிறவர்கள் மனதில் இருத்த வேண்டிய கணக்கு. அந்தத் திட்டில் இதுவரை மரம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அது மிகத் தாழ்ந்திருப்பதுதான். பிலிப்பைன்ஸின் இழப்பில் பெரும்பகுதி, நாற்று எடுக்கச் சுலபம் என்பதற்காகச் சுரபுன்னையைக் கடல்முகத் திட்டுகளில் நட்டதால் வந்தது.

சோழமண்டலக் கரையில் இது இன்னும் கறாரான கணக்கு. சுந்தரவனத்தில் ஏற்றவற்ற வேறுபாடு சில மீட்டர் வரை உண்டு. பட்டை அகலமானது, மட்டம் கொஞ்சம் பிசகினாலும் பிழைக்கலாம். பிச்சாவரத்தில் அந்த வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. மரம் நிற்கக்கூடிய உயரப் பட்டை அதில் பாதிதான். ஒரு சாண் தாழ்வு, ஒரு சாண் மேடு என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் அந்தக் கொஞ்ச ஏற்றமும் உள்ளே வராது. காவிரியிலிருந்து கொள்ளிடம் வழியே வரும் நன்னீரும், 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து படிப்படியாகக் குறைந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்னீருக்குப் பக்கத்தில் இறங்கும் உப்பு, சித்திரை வைகாசியில் கடலளவுக்கும் மேலே ஏறுகிறது. ஒரே வருடத்துக்குள் இந்த இரண்டையும் தாங்கக்கூடிய இனம் நிலைக்கிறது. நன்னீர் விரும்பும் இனங்கள் அருகிவருகின்றன.

பிச்சாவரத்துக் காடு அழிந்த விதமும் மீண்ட விதமும் இந்தக் கணக்குக்குச் சரியான சான்று. 1970கள் வரை நீடித்த கூப்பு முறையில் காட்டைப் பாகம் பாகமாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே முளைத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் ஆவியாகி மண் சுருங்கி அமிழ்ந்தது. வெட்டிய பாகத்தின் நடு, தட்டுபோல் குழிந்தது. பெரிய ஏற்றத்தில் அந்தத் தட்டுக்குள் வரும் நீருக்குத் திரும்பிப் போக வழியில்லை.

குழிந்த நிலத்தில் என்ன நடக்கும் என்பதைக் கணக்கு போட்டே பார்க்கலாம். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கடல்நீர் தேங்கியதாக வைத்துக்கொள்வோம். உப்பு லிட்டருக்கு 35 கிராம். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்றால், பத்து நாளில் நீர் பாதியாகி உப்பு 70 கிராமைத் தொடும். அடுத்த பெரிய ஏற்றம் வரப் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் மிஞ்சுவது இரண்டரை சென்டிமீட்டர் நீர், 140 கிராம் உப்பு. அதன்மேல் புதிதாகக் கடல்நீர் வந்து இன்னும் உப்பைச் சேர்க்கும். முதிர்ந்த வெண்கண்டல் 90 கிராம் அளவுவரை தாங்கியதாகப் பதிவுகள் உண்டு. நாற்று அவ்வளவு தாங்காது. சுரபுன்னை 40 தாண்டினாலே திணறத் தொடங்கும். அந்த வெட்டவெளியில் மிஞ்சியவை உமரியும் அதைப் போன்ற சாறுபிடித்த உப்புப் பூண்டுகளும்தான்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் இந்த இடங்களில் முதலில் வாய்க்கால்தான் வெட்டின. இயற்கைக் கழியிலிருந்து ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்ந்த கிளை வாய்க்கால்கள். சாய்வு தேவைப்படுவதற்குக் காரணம், தாய் வாய்க்காலுக்கு நேர்க்குறுக்காக வெட்டினால் நீர் முட்டித் திரும்பும் மூலைகளில் வண்டல் படிந்து வாய் அடைபடும். கரை சரியாமல் இருக்க, மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை வாய்க்கால் ஓரத்திலேயே தொடர்ச்சியான வரப்பாகக் குவித்தால் நீர் பக்கவாட்டில் பரவாது. இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். முதல் மழைக்காலம் அந்த வாய்க்கால்கள் வழியே தேங்கிய உப்பைக் கழுவிக் கொண்டுபோகும். நடவு அதற்குப் பிறகுதான். கிளை வாய்க்காலின் சரிவில், நீர் ஏறி இறங்கும் மட்டத்தில் நடுவார்கள்.

நடவில் இனத்துக்கு ஏற்பக் கைப்பக்குவம் மாறும். சுரபுன்னை நாற்றில், காய்க்கும் தண்டுக்கும் நடுவே ஒரு வளையம் தெரியும். ரைசோபோரா மியூக்ரோனேட்டாவில் அது மஞ்சளாகவும், ரைசோபோரா அபிகுலேட்டாவில் சிவப்பாகவும் மாறினால் முதிர்ந்தது என்று பொருள். லேசாகத் திருகினால் கையோடு வர வேண்டும். பிடுங்க வேண்டியிருந்தால் அது பிஞ்சு. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சேற்றில் இறக்குங்கள். ஆழமாகக் குத்தினால் நன்றாக நிற்கும் என்று பலர் பாதிவரை இறக்கிவிடுகிறார்கள். தண்டிலும் பட்டைத்துளைகள் இருக்கின்றன, அவை புதைந்தால் நாற்று உள்ளிருந்தே அழுகும். வெண்கண்டல் விதை மொச்சைக்கொட்டை போல இருக்கும். ஒரு நாள் நீரில் ஊறினால் தோல் தானே கழன்றுவிடும். நேரடியாகப் போட்டால் ஏற்றத்தில் மிதந்து போய்விடும். அலை கொஞ்சம் உள்ள இடம் என்றால் களிமண் நிரப்பிய பையில் சில மாதம் வளர்த்து நடுவதே நல்லது. ஆடு மாடு வெண்கண்டல் தழையை விரும்பித் தின்னும், எனவே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேய்ச்சலைத் தடுக்காமல் நட்டுப் பயனில்லை.

சரியான இடமா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பக்கத்தில் நன்றாக வளர்ந்து நிற்கும் இயற்கைக் காட்டை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி ஏற்றத்துக்கு முன்னால், அந்தக் காட்டிலும் நடப்போகும் இடத்திலும் சுண்ணாம்பு பூசிய குச்சிகளை ஊன்றி வையுங்கள். வற்றியதும் இரண்டிலும் சுண்ணாம்பு எவ்வளவு உயரத்துக்குக் கரைந்திருக்கிறது என்று பாருங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயாலும் இதைச் செய்யலாம். வேறுபாடு ஒரு சாணுக்கு மேல் என்றால் அங்கே நடக்கூடாது. மட்டத்தைத் திருத்துங்கள் அல்லது வேறு இனம் யோசியுங்கள். அடுத்து, ஏற்றம் இறங்கி ஆறு மணி நேரம் கழித்தும் நீர் எங்கெங்கே தேங்கி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் போக வேண்டிய வழி அதுதான். பிறகு சித்திரையில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, அதில் ஊறும் நீரின் உப்பை, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் பார்க்க வேண்டும். கழி நீரை அளந்தால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. மண்ணுக்குள் உள்ள நீர் அதைவிட இரண்டு மடங்கு கரிப்பாக இருக்கலாம். மழைக்காலத்தில் அளந்த கணக்கும் உதவாது.

நட்ட பின் செடியைச் சாகடிப்பவை பெரும்பாலும் மட்டத்தின் அறிகுறிகளே. தண்டில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர் அடையடையாக ஒட்டினால், அந்த இடம் நீருக்குள் கிடக்கும் நேரம் அதிகம் என்று பொருள். கொட்டலசைச் சுரண்டிவிட்டால் திரும்ப வரும், இடம்தான் தாழ்வு. இலைமேல் பச்சைப் பாசி போர்த்துவது, வற்றத்தில் நீர் முழுதாக இறங்கவில்லை என்பதைக் காட்டும். நுனி கருகி, இலை சிறுத்துத் தடித்தால் உப்பு ஏறியிருக்கிறது, அதாவது இடம் மேடு அல்லது வாய்க்கால் தூர்ந்துவிட்டது.

எல்லா மேடும் வீண் அல்ல. பெரிய ஏற்றம் மட்டும் எப்போதாவது தொடும் விளிம்பு தில்லைக்கு உரியது. மூச்சு வேர் இல்லாத மரம். வேர்களைத் தரைமேலேயே பரப்பிக்கொள்ளும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகவேனும் கெடுக்கும், ஆகையால் கையுறை இல்லாமல் கிளை ஒடிக்கக்கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்தது இந்த மரம்தான். ஒரு காலத்தில் உப்பங்கழியின் விளிம்பு நகரத்துக்கு எவ்வளவு அருகில் இருந்திருக்கும் என்று யோசிக்க அந்தப் பெயர் ஒன்றே போதும்.

வாய்க்கால் வெட்டிய இடங்களில் பிறகு செலவு கேட்பது தூர்வாரல். ஒவ்வொரு ஏற்றமும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து விட்டுப் போகும். கிளை வாய்க்காலின் கடைசி முனை முதலில் அடையும். மரங்கள் தழைத்து நிழல் கட்டி, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்வரை அந்த முனைகளை அவ்வப்போது திறந்துவிட்டாக வேண்டும். நாற்றுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே இதற்கென்று எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு எத்தனை நாற்று என்று கணக்கு போடுவதுதான் சரி.